முதல் பள்ளியைத் தேர்ந்தெடுத்தல்: தீவுப் பெற்றோருக்கு ஒரு பாடம்

ஆண்டுதோறும் சனவரி பிறந்ததும் அந்தமானில் உள்ள எமது கிளைக்கு இளம் பெற்றோர் வரத் தொடங்குவர். கையில் வைப்புநிதி இரசீது இருக்கும். மனத்தில் குழந்தையின் பள்ளிச் சேர்க்கை இருக்கும். "முதிர்வுக்கு முன்பே முடித்துப் பணமாகத் தாருங்கள்" என்பதே அவர்களது வேண்டுகோள்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்த ஒரு தம்பதியரை நாம் மறக்கவில்லை. பேம்பூ ஃபிளாட்டில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் படகுப் பட்டறையில் பணிபுரிபவர். மனைவி வீட்டிலிருந்தே துணி தைப்பவர். மகளுக்கு நான்கு வயது. அவர்கள் முடிக்க விரும்பிய வைப்பு, குழந்தையின் பாட்டியுடைய மருத்துவத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. "கத்தோலிக்கக் குழந்தையைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்காமல் இருப்பது பிழையல்லவா, சார்?" என்று அந்தத் தாய் கேட்டார். "குழந்தை நாள்தோறும் எப்படிப் போய்வரும், அம்மா?" என்று நாம் கேட்டோம். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். கட்டணத்தைப் பலமுறை கணக்கிட்டிருந்த அவர்கள், அந்த வினாவை ஒருமுறையும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு அளவுகோல்கள் இன்றியமையாதவை. ஒன்று, குழந்தையின் ஒரு நாள். மற்றொன்று, குடும்பத்தின் பதினான்கு ஆண்டுகள். பள்ளியின் பெயர் இவ்விரண்டுக்கும் பின்னரே வர வேண்டும். இக்கருத்தைக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளை முன்னிறுத்தி இப்பாடத்தில் காண்போம்.

தீவில் இப்பள்ளிகள் வேரூன்றிய சூழல்

அந்தமானில் கத்தோலிக்கத் திருச்சபையின் வளர்ச்சி உழைப்பாளர் வரலாற்றோடு பிணைந்தது. 1918 முதல் சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து காட்டுப் பணிகளுக்காக ஒராவோன், முண்டா, காரியா பழங்குடியினர் இங்கு அழைத்துவரப்பட்டனர். ‘ராஞ்சிக்காரர்’ என இன்றும் வழங்கப்படும் அம்மக்களுள் கத்தோலிக்கர் பலர். தமிழகத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியோரும் அவர்களோடு சேர்ந்தனர். 1984 ஆம் ஆண்டில் போர்ட் பிளேயர் தனி மறைமாவட்டமாக நிறுவப்பட்டது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட இந்நகரில் அதன் பேராலயம் ‘ஸ்டெல்லா மாரிஸ்’, அதாவது ‘கடலின் விண்மீன்’, என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. அவர்களுள் ஏறத்தாழ 21 விழுக்காட்டினர் கிறித்தவர். ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி எனப் பல மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. இத்தகைய ஊரில் ஆங்கிலவழிக் கல்வியும் ஒழுங்கும் தருவன எனப் பெயர்பெற்ற கத்தோலிக்கப் பள்ளிகளை எல்லாச் சமயத்தவரும் நாடுவதில் வியப்பில்லை. நிர்மலா, கார்மெல் ஆகிய பெயர்கள் ஸ்ரீ விஜயபுரத்தின் பெற்றோர் அனைவரும் அறிந்தவையே.

‘கான்வென்ட்’ என்னும் சொல்

பேச்சுவழக்கில் ஆங்கிலவழிப் பள்ளி எதுவாயினும் அதனைக் ‘கான்வென்ட்’ என்று சொல்லிவிடுகிறோம். புனிதர் ஒருவரின் பெயரைப் பலகையில் எழுதியிருப்பதனாலேயே ஒரு பள்ளி கத்தோலிக்கப் பள்ளி ஆகிவிடாது. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 803 ஆம் விதி இதனைத் தெளிவாக வரையறுக்கிறது. திருச்சபை அதிகாரத்தாலோ துறவற சபை போன்ற திருச்சபை அமைப்பாலோ நடத்தப்படுவது, அல்லது திருச்சபை அதிகாரத்தால் எழுத்துமூலம் அவ்வாறு ஏற்கப்பட்டது மட்டுமே கத்தோலிக்கப் பள்ளி. உரிய அதிகாரியின் இசைவின்றி எப்பள்ளியும் அப்பெயரைச் சூடிக்கொள்ளலாகாது.

ஆகவே முதலில் அறிய வேண்டியது நிருவாகம் யாருடையது என்பதாகும். மறைமாவட்டமா, துறவற சபையா, தனியார் அறக்கட்டளையா? இவ்வினாவை அலுவலகத்தில் நேரடியாகவே கேட்கலாம். வைப்பு வைக்கும் முன் நிறுவனம் எதுவென்று பார்க்கும் நாம், குழந்தையை ஒப்படைக்கும் முன் அதே கவனத்தைக் கொள்ள வேண்டாமா?

சட்டம் தருவனவும் தராதனவும்

அரசமைப்புச் சட்டத்தின் 30(1) ஆம் பிரிவு, சமயச் சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையை வழங்குகிறது. கத்தோலிக்கப் பள்ளிகள் இவ்வுரிமையின்கீழ் இயங்குவன. சேர்க்கையில் தம் சமயக் குழந்தைகளுக்கு அவை முன்னுரிமை அளிப்பதும் இதன் பயனே. கத்தோலிக்கப் பெற்றோர் திருமுழுக்குச் சான்றிதழையும் பங்குத்தந்தையின் கடிதத்தையும் முன்கூட்டியே பெற்று வைத்திருத்தல் நலம்.

6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வி பெறும் உரிமைச் சட்டம் 2009 இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்க வேண்டும் என்கிறது இச்சட்டம். ஆனால் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பி, தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது. இதனால், கட்டணச் சலுகை சட்டப்படி கிடைத்தே தீரும் என்ற எதிர்பார்ப்புடன் இப்பள்ளிகளை அணுகுதல் கூடாது. சலுகை உண்டா என்று பள்ளியிடம் கேட்டு, எழுத்தில் பெறுவதே முறை.

பிற சமயத்துப் பெற்றோர் அறிய வேண்டியது 28(3) ஆம் பிரிவு. அரசின் ஏற்பையோ நிதியுதவியையோ பெற்ற பள்ளியில் பயிலும் எவரையும் அவரது இசைவின்றிச் சமயப் பாடத்திலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யலாகாது; மாணவர் சிறுவராயின் பாதுகாவலரின் இசைவு தேவை. பொதுவாக இப்பள்ளிகளில் கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு மறைக்கல்வியும் ஏனையோருக்கு நன்னெறிக் கல்வியும் தனித்தனியே நடைபெறும். பிற சமய மாணவர்மீது கிறித்தவ மரபுகளைத் திணிக்கலாகாது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2024 இல் வழிகாட்டு நெறிகளில் தன் பள்ளிகளை அறிவுறுத்தியுள்ளது. காலை வழிபாடு எப்படி நடைபெறும் என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டறிந்தால், பின்னர் இரு தரப்பிலும் மனக்கசப்பு எழாது.

அந்தத் தாயின் வினா

இனி, நம் கிளைக்கு வந்த தாயின் வினாவுக்கு வருவோம். அது பணத்தைப் பற்றிய வினா அன்று, மனச்சான்றைப் பற்றியது. வங்கி அலுவலர் விடை கூறத்தக்கதும் அன்று. எனவே பங்குத்தந்தையிடம் மனம் திறந்து பேசிவிட்டு வாருங்கள் என்று மட்டும் கூறினோம். மறுவாரம் தெளிந்த முகத்துடன் திரும்பினார்.

அவருக்குக் கிடைத்த விளக்கம் கத்தோலிக்கப் பெற்றோர் அனைவருக்கும் பயன்படும். குழந்தையின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே என்பது 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையின் அடிப்படைக் கருத்து. திருச்சபைச் சட்டத்தின் 798 ஆம் விதி, கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறது. இயலாதவிடத்து, பள்ளிக்கு வெளியே அக்கல்வி கிடைக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பும் புதுநன்மைக்கான ஆயத்தமும் பங்கிலேயே நடைபெறுகின்றன. இயலாமை குற்றம் ஆகாது. அதற்கான மாற்று வழியைத் திருச்சபையே வகுத்துள்ளது.

குழந்தையின் ஒரு நாள்

ஒரு தாளை எடுத்து, குழந்தை விழிக்கும் நேரம் முதல் உறங்கும் நேரம் வரை எழுதிப் பாருங்கள். பேம்பூ ஃபிளாட்டிலிருந்து நகருக்கு வரும் குழந்தை படகில் ஏறிச் சாத்தம் துறையில் இறங்கி, அங்கிருந்து பேருந்திலோ ஆட்டோவிலோ செல்ல வேண்டும். கடல் சீறும் நாளில் படகு தாமதிக்கும், அல்லது நிற்கும். சாலை வழியோ நீண்ட சுற்று. இங்கு மே மாதம் தொடங்கும் மழை ஆண்டின் பெரும்பகுதியில் தொடர்கிறது. நாட்டின் கிழக்கெல்லையில் இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், டிசம்பரில் மாலை ஐந்து மணி அளவிலேயே பொழுது சாய்ந்துவிடுகிறது. பள்ளி விட்டு மூன்றரைக்குப் புறப்படும் குழந்தை வீடு சேர்வதற்குள் விளையாடும் வெளிச்சம் போய்விடும்.

நான்கு வயதுக் குழந்தைக்கு விளையாட்டே கல்வி. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையுள்ள பருவத்தை அடித்தள நிலை எனக் குறித்து, விளையாட்டு வழிக் கற்றலையே வலியுறுத்துகிறது. ஆறு வயது நிறைந்த பின்னரே முதல் வகுப்பு என்பது அக்கொள்கையின் நிலை. எனவே வயதைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்: முதல் வகுப்புக்கு ஆறு, யு.கே.ஜி.க்கு ஐந்து, எல்.கே.ஜி.க்கு நான்கு. இடம் போய்விடுமே என்ற பதற்றத்தில் மூன்றரை வயதில் சேர்த்துவிட்டு, பிறகு ஒரே வகுப்பில் இரண்டாண்டு அமர்த்த நேர்ந்தால் கட்டணமும் வீண். குழந்தையின் ஊக்கமும் குன்றும்.

மொழியை மறவாதீர்

பணியிட மாற்றம் வங்கித் தொழிலின் இயல்பு. எங்கள் குடும்பமும் ஐந்து வயது மகனுடன் புதிய ஊர் ஒன்றுக்கு மாறிச் சென்ற காலத்தில், கட்டடத்தையும் பெயரையும் கண்டு ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்தோம். வகுப்பறையில் ஆங்கிலமும் திடலில் இந்தியும் ஒலித்தன. வீட்டில் தமிழ் மட்டுமே பேசிவந்த பையன் மூன்று மாதங்கள் வாய் திறவாமல் அமர்ந்திருந்தான். கழிவறைக்குச் செல்ல அனுமதி கேட்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டிருந்தான் என்பதே எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வகுப்பாசிரியரை ஒருமுறை சந்தித்து, "குழந்தைக்குத் தமிழ் மட்டுமே தெரியும்" என்று சொல்லியிருந்தால் போதும். நாங்கள் சொல்லவில்லை. பிழை எங்களுடையதே.

இத்தீவுகளில் அரசுப் பள்ளிகள் தமிழ்வழியிலும் கல்வி தருகின்றன. கத்தோலிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஆங்கிலவழியில் இயங்குகின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டம் நாட்டின் எப்பகுதிக்கு மாறினாலும் தொடர்ச்சி தரும் என்பது அவ்வகைப் பள்ளிகளின் வசதி. பெற்றோர் கேட்க வேண்டியவை இரண்டு. தமிழ் ஒரு பாடமாகவேனும் கற்பிக்கப்படுகிறதா? இல்லையெனில், வீட்டில் நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ் எழுத்துக் கற்பிக்க யார் இருக்கிறார்? பாட்டி எழுதும் கடிதத்தைப் படிக்க இயலாத பேரன், எத்துணை ஆங்கிலம் கற்றாலும், வீட்டில் ஓர் உறவை இழந்தவனே.

பதினான்கு ஆண்டுக் கணக்கு

இனி நம் துறைக்கு வருவோம். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பதினான்கு ஆண்டுகள். சேர்க்கைக் கட்டணம் ஒருமுறை செலுத்துவது. அதனைத் திரட்டுவது பெரிதன்று. ஆண்டுச் செலவைத் தொடர்ந்து தாங்குவதே பெரிது. எந்தப் பள்ளியையும் குறிக்காத ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம்.

பயிற்றுக் கட்டணம்: 24,000 ரூபாய்
பிற கட்டணங்கள்: 6,000 ரூபாய்
போக்குவரத்து: 12,000 ரூபாய்
சீருடை, காலணி, புத்தகம்: 8,000 ரூபாய்
விழா, மழைக்காலத் தேவைகள், இதர செலவு: 4,000 ரூபாய்
மொத்தம்: 54,000 ரூபாய், மாதம் ஒன்றுக்கு 4,500 ரூபாய்

பள்ளி அறிவிக்கும் கட்டணத்தைவிட உண்மைச் செலவு இருமடங்குக்கும் மேலாக இருப்பதைக் காண்க. அடுத்து, செலவு ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்வதாகக் கொள்வோம். 72 ஐ உயர்வு விகிதத்தால் வகுத்தால் இரட்டிக்கும் காலம் ஏறத்தாழக் கிடைக்கும்: 9 ஆண்டுகள். அதாவது குழந்தை எட்டாம் வகுப்பை எட்டும்போது ஆண்டுச் செலவு 1,08,000 ரூபாய். அந்நாளில் உங்கள் வருவாயும் அதே அளவு உயர்ந்திருக்குமா? இரண்டாவது குழந்தையும் பள்ளியில் இருக்குமா? இவ்வினாக்களை இன்றே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். நடுவில் பள்ளியை மாற்ற நேர்ந்தால் அதன் வலியைச் சுமப்பது குழந்தையே.

இதற்கு நாம் பரிந்துரைக்கும் முறை எளியது. சேர்க்கைக்கு முந்தைய ஆண்டிலேயே, கணக்கிட்ட மாதச் செலவுக்குச் சமமான தொகைக்கு 12 மாதத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்குங்கள். ஏப்ரலில் கட்டணம் செலுத்தத் தொகை ஆயத்தமாக இருக்கும் என்பது ஒரு பயன். அதனினும் பெரிய பயன், அது ஓர் ஒத்திகை என்பதாகும். பன்னிரண்டு தவணைகளும் சிரமமின்றிச் செலுத்த முடிந்தால், அப்பள்ளி உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது. மூன்று நான்கு தவணைகள் தவறினால், குழந்தை சேரும் முன்பே உண்மை தெரிந்துவிடும்.

வேறு சில குறிப்புகள்:

வைப்புநிதியை முதிர்வுக்கு முன் முடித்தால் வட்டி குறையும். அவசரத் தேவையெனில், வைப்பின்மீது கடன் பெறுவது பெரும்பாலும் இழப்புக் குறைந்த வழி. எனினும் ஆண்டுதோறும் வரும் கட்டணத்துக்குக் கடனை நம்புதல் தகாது.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் உயர்கல்விக்கானது, எல்.கே.ஜி. கட்டணத்துக்கு அன்று.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்வோர், 80சி எனப் பலரும் அறிந்த கழிவின்கீழ், இரண்டு குழந்தைகள் வரை பயிற்றுக் கட்டணத்தை 1,50,000 ரூபாய் என்னும் மொத்த வரம்புக்குள் காட்டலாம். நன்கொடை, வளர்ச்சி நிதி, பேருந்துக் கட்டணம் ஆகியவை சேரா. எனவே இரசீதில் பயிற்றுக் கட்டணம் தனியே குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

பெண் குழந்தைக்குப் பத்து வயது நிறையும் முன் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் செலுத்தினால் போதும். அது பிற்கால உயர்கல்விக்கான பணம். தொடக்கப் பள்ளிக்காக அதனை நிறுத்திவிடாதீர்கள்.

பள்ளியில் கேட்க வேண்டியவை

விண்ணப்பம் வாங்குவதற்கு முன், வகுப்பு நடைபெறும் நாளில் ஒருமுறை நேரில் செல்லுங்கள். குழந்தைகள் வகுப்பை விட்டு வெளிவரும் முகங்களைப் பாருங்கள். பின்னர் இவற்றைக் கேளுங்கள்: ஒரு பிரிவில் எத்தனை குழந்தைகள்? சிறு வகுப்புகளுக்கு உதவியாளர் உண்டா? தவறு செய்யும் குழந்தையை எவ்வாறு திருத்துகிறீர்கள்? கடந்த மூன்று ஆண்டுகளில் கட்டணம் எவ்வளவு உயர்ந்தது? படகு நின்ற நாளில் வர இயலாத குழந்தைக்கு என்ன ஏற்பாடு? கட்டணம் செலுத்தத் தாமதமானால் என்ன செய்வீர்கள்? தயக்கமின்றி விடையளிக்கும் பள்ளி பாதி மதிப்பெண்ணை அப்போதே பெற்றுவிடுகிறது.

இரண்டு குடும்பங்கள்

அதே ஆண்டில் நகருக்குள் வாழும் மற்றொரு வாடிக்கையாளர், இந்து சமயத்தவர், தம் மகனைக் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் சேர்த்தார். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஓராண்டுத் தொடர் வைப்பை ஒரு தவணையும் தவறாமல் செலுத்தி முடித்திருந்தார். காலை வழிபாட்டைப் பற்றி முன்பே பேசித் தெளிந்திருந்தார். அவருக்கு அது நல்ல தேர்வு.

பேம்பூ ஃபிளாட் தம்பதியர் வேறு முடிவெடுத்தனர். பாட்டியின் வைப்பை முடிக்கவில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளியின் மழலையர் வகுப்பில் மகளைச் சேர்த்துவிட்டு, தொடர் வைப்பு மட்டும் தொடங்கினர். மழை மாதங்களில் பட்டறையில் வேலை குறைய, நான்கு தவணைகள் தவறின. "நல்ல வேளை, சார். இது பள்ளிக் கட்டணமாக இருந்திருந்தால்?" என்றார் கணவர். அடுத்த ஆண்டு பாட்டியின் கண் அறுவை மருத்துவத்துக்கு அந்த வைப்பு உதவியது. ஞாயிறுதோறும் மறைக்கல்விக்குச் செல்லும் சிறுமி, இப்போது பாட்டிக்குத் தமிழ்ச் செபப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுகிறாளாம். ஆறாம் வகுப்பில் நகரப் பள்ளியைப் பற்றி மீண்டும் எண்ணிப் பார்க்க விரும்புகின்றனர். அதற்கான தொடர் வைப்பு இம்முறை தவறாமல் நடந்து வருகிறது.

அடுத்த கல்வியாண்டில் குழந்தையைச் சேர்க்கவிருக்கும் பெற்றோர் இந்த வாரமே இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றில் குழந்தையின் நாளையும் மற்றொன்றில் ஆண்டுச் செலவையும் எழுதுவார்களாக. இரண்டாவது தாளுடன் அருகிலுள்ள கிளைக்கு வந்தால், கணக்கைச் சரிபார்க்க நாம் உடனிருப்போம். முதல் தாளை எழுதக் குழந்தையை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.